ஒரே பிள்ளையை ரெண்டாகப் பிரித்த கல்கி

இந்த எபிசோடும் காட்டூர் மொட்டைமாடியில இருந்துதான். நடுவுல தஞ்சாவூர் பஸ் ஹாரன் அடிச்சா பொறுத்துக்கோங்க.

பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் படிக்காதவங்க இங்கேயே நிறுத்திடலாம். படம் மட்டும் பார்த்தவங்களுக்கும் இது ஸ்பாய்லர்தான், ஏன்னா நாம பேசப்போற திருப்பம் படத்துல இல்லை.

முதல்ல வரலாறு. கண்டராதித்த சோழர் இறந்தப்போ அவர் மகன் சின்னக் குழந்தை. அதனால பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போய், அவர் மகன் சுந்தர சோழருக்கு வந்தது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்படுகிறான். அதற்கு அப்புறம் அரியணை ஏறுவது அவன் தம்பி அருள்மொழி இல்லை. கண்டராதித்தர் மகன், உத்தம சோழர். அருள்மொழிதான் சித்தப்பாவுக்காக விட்டுக்கொடுத்தார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது.

ஆனால் உடையார்குடிக் கல்வெட்டு வேற மாதிரி யோசிக்க வைக்குது. கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்து பறிமுதல் பற்றி அதுல வருது. அது ராஜராஜனின் ரெண்டாவது ஆட்சியாண்டு. அப்போ உத்தம சோழர் ஆண்ட அத்தனை வருஷம் என்ன நடந்தது? நீலகண்ட சாஸ்திரி உத்தமர் மேலேயே சந்தேகப்பட்டார். அந்த முடிவை ஏத்துக்காத ஆய்வாளர்களும் இருக்காங்க.

கல்கி 1950-ல தொடரை ஆரம்பிக்கும்போது அவர் முன்னாடி இருந்த சிக்கல் இதுதான்னு நினைக்கிறேன். செம்பியன் மாதேவி மாதிரி ஒரு அம்மா வளர்த்த பிள்ளை எப்படிப் பதவிக்கு ஆசைப்பட்டு சதிகாரர்களோட சேருவான்? சேர்ந்தவனுக்கு அருள்மொழி எப்படி மனசார மகுடம் சூட்டுவான்? ஒரே கிளாஸ்ல ரெண்டு முரணான வேலை இருந்தா நாங்க என்ன செய்வோம்? ரெண்டாப் பிரிப்போம். கல்கியும் அதைத்தான் செஞ்சார்.

பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக நினைத்து, அதைப் புதைக்கச் சொல்லி வாணி அம்மைகிட்ட கொடுக்கிறாங்க. மந்தாகினியின் குழந்தை அரண்மனையில் மதுராந்தகனாக வளருது. புதைக்கக் கொண்டுபோன குழந்தைக்கு உயிர் இருக்கு. அது பேசவும் கேட்கவும் முடியாத வாணி அம்மைகிட்ட, தஞ்சாவூர்ப் பூந்தோட்டத்துல சேந்தன் அமுதனாக வளருது.

இனிமேல்தான் விஷயம். தன் மகன் ராஜ்ய ஆசை இல்லாத சிவபக்தனா இருக்கணும், இது கணவருடைய விருப்பமும் கூடன்னு செம்பியன் மாதேவி முடிவு பண்ணி வளர்த்தாங்க. அப்படி வளர்த்த பையன் மகுடத்துக்கு ஏங்குறான். அவங்க வளர்க்காத பையன், யாரும் சொல்லாமலே பூ கட்டிக் கோயிலுக்குக் கொடுத்து, தேவாரம் பாடிக்கிட்டு இருக்கான்.

“ரத்தம்தான் பேசுதுன்னு கல்கி சொல்றார், அவ்வளவுதான்” என்று சில நண்பர்கள் சொல்வாங்க. அந்த வாசிப்புக்கு இடம் இருக்கு, மறுக்கலை. எனக்கு அது போதாது. வாணி அம்மைகிட்ட பிள்ளைக்கான திட்டம் எதுவும் இல்லை. மதுராந்தகனுக்குக் கிடைச்ச பாசத்துல எப்பவும் ஒரு கண்டிஷன் இருந்தது. அவனுக்கு மாமனார் சின்னப் பழுவேட்டரையர் வந்ததும், முதல்முறையா “நீ ராஜா ஆகலாம்”னு சொல்ற ஒரு அப்பா கிடைக்கிறார். அவன் ஏன் அந்தப் பக்கம் போகமாட்டான்?

இன்னொண்ணு. நீ நான் பெற்ற பிள்ளை இல்லைங்கிற உண்மையை அவங்க அவன்கிட்ட எப்போ சொல்றாங்க? அவன் சிம்மாசனத்தை விடவே மாட்டேன்னு நிக்கும்போது. அத்தனை வருஷம் மறைச்சதை, அவனைத் தடுக்கிற கடைசி ஆயுதமா எடுக்கிறாங்க. நாவல்ல நான் ரொம்ப நேரம் புத்தகத்தை மூடி வச்சிருந்த இடம் அது. அவங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், அந்த இடத்துல நான் மதுராந்தகன் பக்கம்தான்.

இதுல என் சொந்தக் கதையும் கொஞ்சம் இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வெளியூர் வேலை. நாலாவது வரைக்கும் இதே காட்டூர்ல பெரியம்மாதான் என்னை வளர்த்தாங்க. நீ என்ன ஆகப்போறன்னு பெரியம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா போன்ல கேட்காத நாளில்லை. ரெண்டும் பாசம்தான். இஞ்சினியரிங் படிச்சது எந்தப் பாசத்தாலன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.

இந்தக் குழந்தை மாற்றம் முழுக்கக் கற்பனைங்கிறதை மறந்துடாதீங்க. கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியை அறிமுகப்படுத்துவதே உத்தம சோழரைப் பெற்றவர் என்றுதான். கணவர் போய், 985-ல மகன் ஆட்சியும் முடிஞ்ச பிறகு, ராஜராஜன் காலத்துலயும் அவங்க கோயில் பணி நிக்கலை. உத்தமரின் மகன் பெயர் மதுராந்தகன் கண்டராதித்தன். அரியணை அவனுக்கு வரலை. ராஜராஜனிடம் அதிகாரியாகச் சேர்ந்து, கோயில் நிர்வாகத்தை விசாரிக்கும் வேலை பார்த்தான்.