பொம்மைக்கு ஆடை தைத்த பெரியவர்கள்



சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஒரு நாள். மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். மாணவி ஒருத்தியின் தாயார் மத்ரஸா வாசலில் நின்று, "ஹஜ்ரத், ஒரு சந்தேகம்" என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். மகளுக்கென்று அவர் ஒவ்வொரு விடுமுறையிலும் கொண்டுவந்த பொம்மைகளின் ஆடைகளைக் களைந்து, தாமே புதிதாகத் தைத்து உடுத்தி, தலைமுடியைத் திருத்தி, ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாராம். மகளுக்கு அவற்றின் மீதிருந்த ஆசை தீர்ந்துவிட்டது, தாய்க்குத் தீரவில்லை. பத்துப் பொம்மைகள் சேர்ந்துவிட்டன. பிள்ளை பெற்றவளுக்குப் பொம்மை எதற்கு என்று வீட்டில் பேச்சு. "இது கூடுமா, கூடாதா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். "மஃரிபுக்கு நேரமாகிறது. பெரியவர்களுக்கு எதற்கம்மா விளையாட்டுச் சாமான்? விட்டுவிடுங்கள்." அவர் ஸலாம் கூறிப் போய்விட்டார்.

அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சட்டம் கூறுமுன் பொருளை அறியவேண்டும் என்று மாணவர்களுக்குப் போதிப்பவன், பொருளை அறியாமலே பேசிவிட்டேன். ஆகவே பொம்மைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முதல் பக்கங்களிலேயே என் வாதம் சரிந்துவிட்டது. ஃபேஷன் டால் என்று கடைகளில் அழைக்கப்படும் அலங்காரப் பொம்மை, பெரியவர்களின் உலகத்திலிருந்தே சிறுமியரின் கைகளுக்கு இறங்கி வந்திருக்கிறது.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸின் புதிய ஆடை வகைகளை அயல்நாட்டு அரசவைகளுக்கும் சீமாட்டிகளுக்கும் காட்ட, அவ்வாடைகளைச் சிறு அளவில் தைத்துப் பொம்மைகளுக்கு அணிவித்து அனுப்பினார்கள். பண்டோரா என்பது அவற்றின் பெயர். படம் அச்சிட்ட ஆடை இதழ்கள் பரவும் முன்னர் இப்பொம்மையே தையற்காரரின் மாதிரிப் புத்தகம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பாரிஸ் அதே உத்தியை மீண்டும் கையாண்டது. துணிக்குக் கடும் தட்டுப்பாடு. முழு அளவில் ஆடை தைத்துக் காட்ட வழியில்லை. எனவே 1945-ல் பாரிஸின் பெரிய ஆடை நிலையங்கள் ஒன்றுகூடி, கம்பியால் ஆன, சுமார் 70 செ.மீ. உயரமுள்ள 200-க்கும் மேற்பட்ட பொம்மைகளுக்கு ஆடை தைத்துக் கண்காட்சி வைத்தன. தியேட்டர் து லா மோத் என்று அதற்குப் பெயர். திரண்ட நிதி போர் நிவாரணத்துக்குச் சென்றது. பொத்தான்கள் உண்மையாகவே பூட்டித் திறக்கும்படி அமைந்தன. பல ஊர்களுக்குச் சுற்றுலா சென்ற அப்பொம்மைகள் இறுதியில் அமெரிக்காவின் ஓர் அங்காடியில் கேட்பாரின்றிக் கிடந்து, 1952-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஹில் அருங்காட்சியகத்தை அடைந்தன. இன்றும் அங்கே இருக்கின்றன.

உலகமே அறிந்த பார்பியின் பிறப்புக்கும் இத்தகைய ஒரு முன்கதை உண்டு. சற்று முகம் சுளிக்க வைக்கும் முன்கதை. ஜெர்மனியின் பில்ட் நாளேட்டில் 1952 முதல் லில்லி என்ற கேலிச்சித்திர நாயகி வந்தாள். பணக்கார ஆடவரை நாடித் திரியும் பாத்திரம். 1955-ல் அவளைப் பொம்மையாக்கி விற்றார்கள். வாங்கியோர் வளர்ந்த ஆண்கள்; விற்ற இடங்களுள் புகையிலைக் கடைகளும் அடக்கம். 1956-ல் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா வந்த ரூத் ஹேண்ட்லர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் இப்பொம்மையைக் கண்டு வாங்கிச் சென்றார். தம் மகள் காகிதப் பொம்மைகளை வளர்ந்த பெண்களாகப் பாவித்து விளையாடுவதை அவர் முன்பே கவனித்திருந்தார். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி அறிமுகமானாள். உயரம் சுமார் 29 செ.மீ., விலை 3 டாலர். ஆடைகளுக்குத் தனி விலை. அவற்றை வடிவமைத்த சார்லட் ஜான்சன் ஜப்பானில் தங்கியிருந்து தைப்பு வேலையை மேற்பார்த்தார். பொம்மையை ஒருமுறை வாங்கினால் போதும். ஆடையைப் பலமுறை வாங்கவேண்டும். வணிகத்தின் சூட்சுமம் அதில்தான் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணெதிரே ஓர் உடலமைப்பையும் ஓர் ஆடைமுறையையும் இப்பொம்மை ஓயாமல் நிறுத்தியது என்ற நம் பெற்றோரின் மனக்குறை வீண் குறையன்று.

இனி, அச்சகோதரி செய்துகொண்டிருந்த வேலைக்கு வருகிறேன். வாங்கிய பொம்மையை வாங்கியபடியே வைக்காமல் மாற்றியமைக்கும் பழக்கம் உலகெங்கும் பெரியவர்களிடம் பரவியதற்கு ஒரு தோல்வியுற்ற பொம்மையே பெருங்காரணம். 1972-ல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் பிளைத் என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. பெருந்தலை, பெருவிழிகள். தலையின் பின்புறமுள்ள நூலை இழுத்தால் கண்களின் நிறம் நான்கு விதமாக மாறும். குழந்தைகள் அதை விரும்பவில்லை, ஓராண்டோடு நிறுத்திவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின் ஜீனா காரன் என்பவர் பழைய பிளைத் ஒன்றை இடத்துக்கு இடம் எடுத்துச் சென்று புகைப்படம் பிடித்து, 2000-ல் நூலாக்கினார். அடுத்த ஆண்டே ஜப்பானின் டகாரா நிறுவனம் அதை மீண்டும் தயாரித்தது. இம்முறை வாங்கியோர் பெரியவர்கள். வாங்கிய கையோடு முகத்தின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, உதட்டைச் செதுக்கி, கண்வில்லையை மாற்றி, தலைமுடியைப் பிடுங்கி வேறு முடி நட்டார்கள்.

இவ்வேலை எளிதன்று. சாதாரண அலங்காரப் பொம்மையின் முகத்தில் ஆலை தீட்டிய கண்ணையும் உதட்டையும், நகப்பூச்சை நீக்கும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்கிறார்கள். வெறுமையான அம்முகத்தின்மேல் மங்கல் பூச்சு தெளித்து, அது பற்றிக்கொண்டபின் வண்ணப் பென்சிலாலும் சுண்ணப்பொடியாலும் புது முகம் வரைந்து, மீண்டும் பூச்சு தெளித்து நிலைப்படுத்துகிறார்கள். அப்பூச்சின் ஆவி நுரையீரலுக்குக் கேடு. முகமூடி அணியாமல் தொடக்கூடாது. சிக்கலான முடியைச் சுருட்டிக் கட்டி வெந்நீர் ஊற்றினால் படிந்து நிற்கும். முடி நடுவதானால் தலையைச் சூட்டில் இளக்கிக் கழற்றி, துளை துளையாக ஊசியால் கோக்கவேண்டும். பல மாலைப்பொழுதுகளை விழுங்கும் பணி அது.

ஆடையில் இன்னொரு சிக்கல். 29 செ.மீ. பொம்மை மனிதரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உடலைச் சுருக்கலாம், துணியின் கனத்தைச் சுருக்க முடியாது. நமக்கு மெல்லியதாகத் தோன்றும் துணி பொம்மையின்மேல் சாக்குப்போல விறைத்து நிற்கும். ஆகையால் மல் துணி, பழைய துப்பட்டா போன்றவற்றைத் தேடுகிறார்கள். தையலுக்கு விடும் ஓரம் நூலளவு. பூக்கள் அச்சிட்ட துணியானால் பூ கடுகளவு. என் தகப்பனார் தையற்கடை வைத்திருந்தவர். ஒரு கழுத்துப்பட்டி சரியாக அமையாவிட்டால் முழுச் சட்டையையும் பிரிப்பார். இதைப் படித்தபோது அவர் நினைவு வந்தது.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் சோனியா சிங் என்ற தாய், பழைய பொருள் கடைகளில் எறியப்பட்டுக் கிடந்த, தடித்த உதட்டுச் சாயமும் கண்மையும் பூசிய பொம்மைகளை எடுத்துவந்து, பூச்சைத் துடைத்து, பள்ளிப் பிள்ளையின் முகம் வரைந்தார். அவருடைய தாயார் கம்பளி பின்னி உடுத்தினார். 2015-ல் அதன் காணொளி உலகைச் சுற்றியது. கடைக்காரர் ஒப்பனை செய்து அனுப்பிய குழந்தையை ஒரு வீட்டுப் பெண் முகம் கழுவி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டதைப் போல எனக்குத் தோன்றியது.

முஸ்லிம்கள் பார்பிக்கு மறுமொழியாகப் பொம்மைகள் செய்யாமல் இல்லை. 1990-களில் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து ரஸான் வந்தாள். 2002-ல் ஈரானின் ஓர் அரசு சார்ந்த நிறுவனம் சாரா, தாரா என்ற சகோதர சகோதரிப் பொம்மைகளை வெளியிட்டது. 2003-ல் ஃபுல்லா வந்தாள். மல்லிகை இனத்துப் பூவின் பெயர். வெளியே அபாயா, தலைமறைப்பு. வீட்டுக்குள் வண்ண ஆடை. தொழுகை விரிப்பும் உண்டு. அரபு நாடுகளில் அவள் பெரும் வெற்றி பெற்றாள். அச்சகோதரியின் பெட்டியிலும் இரண்டு ஃபுல்லாக்கள் இருந்தனவாம். 2014-ல் இங்கிலாந்தில் ஒரு முன்னாள் ஆசிரியை, கண்ணும் மூக்கும் வாயும் இல்லாத பொம்மையை, உருவம் பற்றிய பேணுதலுக்காக வெளியிட்டார்.

இவை யாவும் விற்பனைக்கு வந்தவை. எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. நைஜீரியாவைச் சேர்ந்த ஹனீஃபா ஆடம், இங்கிலாந்தில் மருந்தியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். பார்பியின் பெயரால் இன்ஸ்டாகிராமில் வந்த நவநாகரிகப் படங்களைக் கண்டவர், தம்மைப் போல உடுத்திய பொம்மை அங்கே இல்லையே என்று நினைத்தார். 2015 டிசம்பரில் ஒரு பொம்மையை வாங்கி, தாமே நீள அங்கியும் ஹிஜாபும் தைத்து அணிவித்துப் படம் வெளியிடலானார். ஹிஜார்பி என்று பெயரிட்டார். சில வாரங்களில் பல்லாயிரவர் பார்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 24. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்து வாள்வீச்சில் வெண்கலம் வென்ற இப்திஹாஜ் முஹம்மதின் சாயலில், ஹிஜாப் அணிந்த பார்பியை மேட்டல் நிறுவனம் அறிவித்தது 2017 நவம்பரில். ஒரு பெண் ஊசியும் நூலும் கொண்டு தன் அறையில் செய்ததை, பெரிய ஆலை ஏறத்தாழ இரண்டாண்டு கழித்துச் செய்தது. அவரும் பிள்ளைகளல்லர், பொம்மையை உடுத்தி மகிழ்ந்த பெரியவர்தான். "எதற்கம்மா" என்ற என் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மார்க்கத்தின் பக்கம் வருகிறேன். நான் முஃப்தி அல்லன், பாடம் நடத்துபவன். ஆஷூரா நோன்பைப் பற்றி ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நாம் ஆண்டுதோறும் முஹர்ரம் பயானில் கேட்பதுதான். பிள்ளைகள் பசியால் அழும்போது, நோன்பு திறக்கும்வரை அவர்களின் கவனத்தைத் திருப்ப, தாய்மார்கள் கம்பளியால் விளையாட்டுப் பொம்மை செய்து கொடுத்தார்கள் என்று அதில் வருகிறது. எத்தனையோ முறை அதை எடுத்துரைத்திருக்கிறேன். அப்பொம்மையைச் செய்த கைகள் பெரியவர்களின் கைகள் என்பதை எண்ணிப்பார்த்ததில்லை.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளையும், துணிச் சிறகு வைத்த குதிரையையும் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அது நிகழ்ந்தது கைபரிலிருந்து திரும்பியபோதா, தபூக்கிலிருந்து திரும்பியபோதா என்பதில் அறிவிப்பாளருக்கு ஐயம். எந்தப் போர் என்பதைப் பொறுத்து அன்னையாரின் வயது மாறும் என்பதால் இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் அதை ஆராய்கிறார். பொம்மைக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு, ஆக, நம் காலத்துக் கேள்வியன்று. சிறுமியருக்கான பொம்மை உருவத் தடையினின்று விலக்கு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பின்னர் அச்சலுகை மாற்றப்பட்டது என்றோரும் உண்டு. விலக்குக்கு அவர்கள் கூறும் காரணம், சிறுமியர் இல்லற வேலை பழகுவது. இக்காரணம் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நடிக்க மாட்டேன். அலமாரியில் வரிசையாக நிறுத்திக் காட்சி வைப்பதும், ஒரு பொம்மைக்குப் பல நூறு டாலர் கொட்டுவதும் என் மனத்துக்கு ஒவ்வவில்லை. முகம் வரைவதில் பேணுதல் விரும்புவோர் அதைத் தவிர்க்கலாம். ஆனால், கண்ணியமற்ற ஆடையைக் களைந்து கண்ணியமான ஆடை தைத்து, பெட்டியில் மூடி வைத்திருந்த ஒருவரை, கேட்டு முடிக்கும் முன்பே தடுக்க என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. இதை ஓர் ஆலிமிடம் விளக்கமாகக் கேளுங்கள் என்றாவது நான் கூறியிருக்கலாம். அல்லாஹு அஃலம்.

ரமளானுக்கு ஒரு வாரம் முன்பு அச்சகோதரி மகளை அழைத்துப்போக வந்தார். அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். படித்தவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் சொன்ன மறுநாளே குப்பை வண்டியில் போட்டுவிட்டேன் ஹஜ்ரத்" என்றார். "மகள் அழுது ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்."

சிறுமி பையைத் திறந்து காட்டினாள். ஓதும் கிதாபுகளுக்கு நடுவே ஒரு ஃபுல்லா. பழைய பெருநாள் சட்டைத் துணியில் தைத்த நீல அங்கி. கைமடிப்பில் மணி அளவு பிரஸ் பட்டன். ஒரு பக்கக் கழுத்துப்பட்டி மட்டும் தைக்காமல் ஊசி குத்தியபடி நின்றது. "அது மூன்று தடவை பிரித்தது. சின்ன உருவத்துக்குக் கழுத்து உட்கார மாட்டேன் என்கிறது" என்றார் தாயார். துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டிப் பாருங்கள், என் வாப்பா அப்படித்தான் செய்வார் என்றேன்.