தரையில் நிகழ்ந்த பறப்பு: பாவனைப் பறப்பும் மெய்நிகர் விமான சேவைகளின் தோற்றமும்

மனிதன் பறக்கக் கற்ற வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. பறக்காமலே பறப்பைக் கற்ற வரலாறு அவ்வளவாக எழுதப்பட்டதன்று. 1903 டிசம்பரில் ரைற் சகோதரர்களின் விமானம் மண்ணைவிட்டெழுந்து பத்தாண்டுகள் கழியுமுன்னரே, விமானத்தின் அசைவைத் தரையிலே போலச்செய்யும் கருவிகளும் தோன்றிவிட்டன. அக்கருவிகளின் வழித்தோன்றலே இன்று வீட்டு மேசைமீதுள்ள கணனியில் இயங்கும் பறப்புப் பாவனை நிரலாகும். அந்நிரலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் தமக்குள் நேர அட்டவணை, பதவிநிலை, ஒழுங்குவிதி ஆகியவற்றை வகுத்துக்கொண்டு நடத்தும் அமைப்புகளே மெய்நிகர் விமான சேவைகள் எனப்படுகின்றன. அவற்றுக்குச் சொந்தமாக ஒரு விமானமேனும் இல்லை. ஏற்றிச் செல்லப் பயணிகளும் இல்லை. விமானிகளுக்கு ஊதியமும் இல்லை. எனினும் விண்ணப்பம் எழுதி, தேர்வுக்குத் தோற்றி, அவற்றிற் சேர்வோர் உலகெங்கும் உளர். ஊதியமற்ற கடமையையும் பிறர் விதித்த கட்டுப்பாட்டையும் மனிதர் தமது ஓய்வு நேரத்தில் விரும்பி ஏற்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதாயின் இக்கருவியின் வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

ஓகன் தொழிற்சாலையிற் பிறந்த கருவி

1910ஆம் ஆண்டளவில் பிரான்சிலே, அன்ருவனெற் என்னும் விமானத்தைச் செலுத்தக் கற்போருக்காக எளிய கருவியொன்று அமைக்கப்பட்டது. பாதியாக அறுத்த பீப்பாய்த் துண்டுகள் இரண்டு ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தப்பட்டிருந்தன. மேலே மாணவன் அமர்ந்திருப்பான். உதவியாளர் பீப்பாயைக் கைகளால் அசைப்பர். மாணவன் சக்கரங்களைத் திருப்பி, முன்னிருந்த கோலினை அடிவானத்தோடு ஒத்த நிலைக்குக் கொணர முயல்வான். பறத்தல் என்பது காற்றோடு மட்டுமன்றி, மனிதரோடும் பழகிக் கற்க வேண்டிய கலை என்பதை இப்பழைய கருவியே உணர்த்தி நிற்கின்றது.

இத்துறையின் தந்தை எனக் கொள்ளத்தக்கவர் எட்வின் லிங்க் ஆவார். ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பிங்ஹம்டன் நகரில் இவரது தந்தையார் பியானோ, ஓகன் ஆகிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தினார். விமானம் ஓட்டக் கற்பது பெருஞ்செலவுக்குரியதாக இருந்த அக்காலத்தில், தொழிற்சாலையிற் கிடைத்த காற்றுத் துருத்திகளையும் வெற்றிடப் பம்பியையும் கொண்டு, விமானியின் கட்டுப்பாட்டுக்கேற்பச் சாய்ந்தும் நிமிர்ந்தும் திரும்பும் சிறிய விமானக் கூடொன்றை லிங்க் ஆக்கினார். 1929இல் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆயினும் பறப்புப் பள்ளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. முதலில் அது விலைபோனது களியாட்ட மைதானங்களிலேயாம். கற்பித்தற்கென உருவான கருவி விளையாட்டுப் பொருளாகவே உலகிற்கு அறிமுகமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலையை மாற்றியது ஒரு துயரம். 1934 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அரசாங்கம் தனியார் நிறுவனங்களோடு செய்திருந்த விமான அஞ்சல் ஒப்பந்தங்களை இரத்துச்செய்து, அப்பணியை இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தது. இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அப்படையின் இளம் விமானிகளுக்குப் போதியதாக இருக்கவில்லை. சில வாரங்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே இராணுவம் ஒவ்வொன்றும் 3,500 டொலர் விலையில் ஆறு லிங்க் கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்நீலப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகி, ஏறத்தாழ ஐந்து இலட்சம் விமானிகளைப் பயிற்றுவித்தன.

லிங்க் கருவியின் அமைப்பில் ஓர் அமிசம் ஈண்டு சிறப்பாக நோக்கற்பாலது. மூடியிட்ட பெட்டிக்குள் மாணவன் தனித்திருந்தான். ஆனால் வெளியே மேசையில் ஆசிரியர் இருந்தார். அவரது குரல் செவிப்பொறி வழியே மாணவனுக்குத் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் குரலாக ஒலித்தது. மாணவன் பறந்ததாகக் கொள்ளப்பட்ட பாதையை, மேசைமீது ஊர்ந்து செல்லும் சிறு கருவியொன்று வரைபடத்தில் மையாற் கோடிட்டுக் காட்டியது. பெட்டியின் ஆட்டம் பாவனையின் ஒரு பாதி. கேட்கும் குரலும் எழுதப்படும் பதிவும் மறு பாதி. இவ்விரண்டாவது பாதியே பின்வந்த வரலாற்றில் ஒருமுறை மறைந்து மீண்டும் தோன்றுகின்றது.

கணனித் திரையும் தனித்த விமானியும்

1975இல் இலினோய் பல்கலைக்கழக மாணவராயிருந்த புரூஸ் ஆட்விக், பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணனியால் வரைந்து காட்டுதல் பற்றி ஆய்வேடு எழுதினார். அதன் விளைவாக 1979இல் அப்பிள் கணனிக்கான பறப்புப் பாவனை நிரல் உருவாயிற்று. ஒரு சில கோடுகளே நிலமாகவும் மலையாகவும் அதில் தோன்றின. 1982 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதன் புதிய வடிவத்தை ஐ.பீ.எம். கணனிக்காக வெளியிட்டது. பிற நிறுவனங்கள் செய்த கணனிகள் ஐ.பீ.எம். கணனியோடு உண்மையில் ஒத்தவைதானா என்பதைச் சோதித்தறியவும் இந்நிரல் பயன்படுத்தப்பட்டது.

சிக்காகோ நகரின் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் விமானத் தளத்தின் ஓடுபாதையே நெடுங்காலம் இந்நிரலின் தொடக்க இடமாயிருந்தது. சிக்காகோவைக் கண்டறியாத இலட்சக்கணக்கானோர் அவ்வோடுபாதையை நன்கறிந்திருந்தனர். 2003 மார்ச் 30ஆம் திகதி இரவு, நகர மேயரின் கட்டளைப்படி அவ்வோடுபாதை இயந்திரங்களாற் குடைந்து சிதைக்கப்பட்டது. இன்று மெய்க்ஸ் தளத்திலிருந்து எழுந்து பறக்க விரும்புவோனுக்குப் பாவனை வானமே கதி. போலச்செய்தது நிலைக்க, போலச்செய்யப்பட்டது அழிந்தது.

வீட்டுக் கணனி பறப்பைப் பொதுவுடைமையாக்கியது. அதேவேளை விமானியைத் தனியனாக்கியது. லிங்க் காலத்து ஆசிரியர் இப்போது இல்லை. பாலத்தின் கீழே பறந்தாலும் கோபுரத்தில் மோதினாலும் கேட்பாரில்லை. விபத்தின் விலை ஒரு விசையை அழுத்துவதே. சில நாட்களில் இச்சுதந்திரம் பலருக்குச் சலிப்பூட்டியதில் வியப்பில்லை. விளைவில்லாத செயலுக்குப் பொருளுமில்லை என்பதை அவர்கள் தம் அனுபவத்தாற் கண்டனர்.

தனிமையிலிருந்து நிறுவனத்துக்கு

1990களில் தொலைபேசி வழியாகக் கணனிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வது பரவலானபோது இத்தனியர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். மெய்நிகர் விமான சேவைகள் இக்காலத்திலேயே தோன்றிப் பரவின. அவற்றுட் சில நடைமுறையிலுள்ள விமான நிறுவனங்களின் தடங்களைப் பின்பற்றின. சில முற்றிலும் கற்பனையானவை. வேறு சில, 1991 டிசம்பரிற் பறப்பதை நிறுத்திய பான் அம் போன்ற மறைந்த நிறுவனங்களின் நினைவைப் பேணின.

சேர்க்கை முறை பெரும்பாலும் ஒரே வகையினது. விண்ணப்பதாரி தமக்கொரு தாய் நிலையத்தைத் தெரிவுசெய்கின்றார். தொடக்கத்தில் அவருக்குச் சிறு விமானங்களும் குறுந்தூரத் தடங்களுமே வழங்கப்படுகின்றன. பறந்த மணித்தியாலங்கள் பெருகப் பெருகப் பதவி உயர்கின்றது. பெரிய விமானங்களும் கடல்கடந்த தடங்களும் கிட்டுகின்றன. ஒவ்வொரு பறப்பின் முடிவிலும் புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், செலவான எரிபொருள் முதலியவற்றை அறிக்கையிடல் வேண்டும். குறித்த காலம் வரை பறவாதவரின் பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்படுவதுமுண்டு. முற்காலத்தில் இவ்வறிக்கையை விமானி தாமே எழுதியனுப்பினார். அவர் சொல்லே சான்று. பின்னர், ஓடுபாதையை எவ்வளவு கடுமையாகத் தொட்டார் என்பதையும் தானே பதிவுசெய்யும் நிரல்கள் வந்தன. லிங்க்கின் மேசைமீது ஊர்ந்த மைக்கருவி மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

ஆசிரியரின் குரலும் அவ்வாறே மீண்டது. 1997இல் தோன்றிய சற்கோ என்னும் அமைப்பு, பாவனை விமானிகளையும் பாவனை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரையும் இணையத்தில் ஒன்றுசேர்த்தது. 1998இல் ஐவாவோ, 2001இல் வற்சிம் ஆகிய வலையமைப்புகள் தொடர்ந்தன. இவற்றிற் கட்டுப்பாட்டாளராக அமர்வோரும் ஊதியமற்றவரே. படிமுறையான பயிற்சியும் தேர்வும் பெற்ற பின்னரே அவர்கள் நிலையமொன்றைப் பொறுப்பேற்கின்றனர். தாம் தவறிழைத்தால் இன்னொரு மனிதரின் மாலைப்பொழுது கெடும் என்ற உணர்வு இங்கே விமானிக்கு முதன்முறையாக ஏற்படுகின்றது. விபத்தின் விலை இப்போது விசையழுத்தம் மட்டுமன்று.

பாவனையின் எல்லை

இப்பொழுதுபோக்கின் மீது குறைகூறுவோரும் உளர். இது வாழ்விலிருந்து தப்பியோடும் முயற்சியென்பர். அக்கூற்றில் உண்மை முற்றாக இல்லையென்று தள்ளுதல் இயலாது. வீட்டு மேசையிற் பறந்த ஆயிரம் மணித்தியாலங்களும் விமானியின் உரிமப் பத்திரத்துக்குக் கணக்கில் வாரா. உடலை அழுத்தும் விசையையும் உயிரச்சத்தையும் எந்நிரலும் தருவதில்லை. இவ்வேறுபாட்டை வலையமைப்புகளின் விதிகளே ஒப்புக்கொள்கின்றன. மெய்யான வானில் ஆபத்தை அறிவிக்கும் விமானத்துக்கு மற்றனைத்தும் வழிவிடும். வற்சிமிலோ, கட்டுப்பாட்டாளர் வேண்டினால் பாவனை ஆபத்தை விமானி உடனே கைவிடல் வேண்டும். விமானக் கடத்தலைப் பாவனை செய்தல் முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது. இங்கே முதன்மை பெறுவது விமானத்தின் பாதுகாப்பன்று, கூடியிருப்போரின் இணக்கமே.

ஒல்லாந்து அறிஞர் ஹூய்சிங்கா 1938இல் வெளியிட்ட நூலில், விளையாட்டு என்பது ஒழுங்கின்மை அன்று, அது தனக்கென ஓர் ஒழுங்கைப் படைத்துக்கொள்வது என்று காட்டினார். மெய்நிகர் விமான சேவைகளின் வரலாறு அக்கருத்துக்கு அரண் செய்கின்றது. 2009 ஜனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது பறப்பு நிரலை ஆக்கிய பிரிவை மூடியது. வணிகம் கைவிட்டும் கழகங்கள் கலையவில்லை. 2006இல் வெளிவந்த நிரலிலும், எக்ஸ்-பிளேன் முதலிய பிற நிரல்களிலும் அவை தொடர்ந்து பறந்தன. அந்நிறுவனம் 2020 ஓகஸ்டில் புதிய நிரலோடு திரும்பியபோது, அதனை வரவேற்கப் பாவனை விமானிகளின் சமூகம் காத்திருந்தது. அவ்வாண்டிலே பெருந்தொற்றினால் உலகின் விமானப் பயணிகளின் தொகை முந்திய ஆண்டினதைவிட ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. மெய்யான வானம் வெறிச்சோட, பாவனை வானிலோ நெரிசல் மிகுந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் முதலில் போலச்செய்யப்பட்டது விமானத்தின் அசைவு. அடுத்து, விமானி காணும் காட்சி. இறுதியாக, விமானியைச் சூழ்ந்த சமூகம். முதலிரண்டையும் பொறியியலாளர் ஆக்கினர். மூன்றாவதைப் பொழுதுபோக்காளர் தாமே ஆக்கிக்கொண்டனர். பொறியும் திரையும் தர இயலாத ஒன்று, தம் செயலைக் கவனித்துப் பதில் சொல்ல இன்னொருவர் இருக்கின்றார் என்னும் உணர்வு. அதன்பொருட்டே ஊதியமில்லாத அட்டவணையையும் பிறர் விதித்த தேர்வையும் மனிதர் விரும்பி ஏற்கின்றனர். அன்ருவனெற் பீப்பாயை அன்று அசைத்து நின்ற கைகளின் இடத்திலே இன்று தொலைதேசத்து முகமறியாத் தோழர்கள் நிற்கின்றனர் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.