சுவீடனில் தந்தையரின் குழந்தை வளர்ப்பு விடுப்பு

சுவீடனில் தந்தையரின் குழந்தை வளர்ப்பு விடுப்பு என்பது, ஊதியத்தின் பெரும்பகுதியை இழக்காமலேயே தந்தையர் பணியிலிருந்து விலகி, வீட்டிலிருந்தபடி தம் குழந்தையைப் பராமரிக்க வழிசெய்யும் சமூகக் காப்புறுதித் திட்டம் ஆகும். தாய்க்கு மட்டும் உரியதாக இருந்த மகப்பேறு விடுப்புக்குப் பதிலாக, பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பை 1974 ஆம் ஆண்டில் உலகிலேயே முதன்முதலாகக் கொண்டுவந்த நாடு சுவீடன் ஆகும். நடைபழகும் வயதுக் குழந்தை பல மாதங்கள் பகல் முழுவதும் தந்தையின் பொறுப்பில் இருப்பது இன்று அந்நாட்டில் பரவலான வழக்கம்.

வரலாறு

1974 இல் ஒரு குழந்தைக்கு ஆறு மாத விடுப்பு, ஊதியத்தில் 90 விழுக்காடு கொடுப்பனவுடன் வழங்கப்பட்டது. பெற்றோர் அதனை விரும்பியவாறு பங்கிட்டுக்கொள்ளலாம். ஆயினும் தொடக்கத்தில் தந்தையர் எடுத்த நாட்கள் மொத்தத்தில் சுமார் 0.5 விழுக்காடு மட்டுமே. பல குடும்பங்களில் ஆணின் ஊதியம் கூடுதலாக இருந்ததால் அவர் விடுப்பெடுத்தால் இழப்பும் கூடியது. குழந்தை வளர்ப்பு பெண்ணின் வேலை என்ற எண்ணமும் தடையாக இருந்தது. இதனை மாற்ற 1970களில் அரசு விளம்பர இயக்கம் நடத்தியது. பளுதூக்கும் வீரர் லென்னார்ட் டால்கிரென் கைக்குழந்தையை ஏந்தியிருக்கும் சுவரொட்டி அவற்றுள் புகழ்பெற்றது.

விளம்பரத்தால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. எனவே 1995 முதல் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் ஒதுக்கப்பட்டது. தந்தை அதனைப் பயன்படுத்தாவிடில் தாய்க்கு மாற்ற இயலாது, அம்மாதம் வீணாகிவிடும். இது "பப்பாமோனாட்" (தந்தை மாதம்) எனப்பட்டது. இதனை முன்னெடுத்தவர் அன்றைய அமைச்சர் பெங்த் வெஸ்டர்பெரி. 2002 இல் இரண்டாவது மாதமும், 2016 இல் மூன்றாவது மாதமும் இவ்வாறு ஒதுக்கப்பட்டன.

திட்டத்தின் கூறுகள்

* ஒரு குழந்தைக்கு மொத்தம் 480 நாட்கள். இவற்றுள் 390 நாட்களுக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு ஊதியத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடும், எஞ்சிய 90 நாட்களுக்கு நாளொன்றுக்கு 180 குரோனரும் வழங்கப்படுகின்றன.
* பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 90 நாட்கள் மாற்ற இயலாதவை.
* குழந்தை பிறந்தவுடன் மற்றப் பெற்றோருக்குத் தனியாகப் 10 நாட்கள் உண்டு.
* நோயுற்ற குழந்தையைக் கவனிக்க ஆண்டுக்கு 120 நாட்கள் வரை தற்காலிக விடுப்பு உண்டு. சளி, காய்ச்சல் மிகும் பெப்ரவரி மாதத்தை, இவ்விடுப்பின் சுருக்கப் பெயரான "வாப்" என்பதோடு சேர்த்து "வாப்ருவாரி" என வேடிக்கையாக அழைப்பர்.

குழந்தையின் அன்றாட வாழ்க்கை

பொதுவாகத் தாய்ப்பால் ஊட்டும் முதல் மாதங்களில் தாயும், அதன்பின் தந்தையும் வீட்டில் இருப்பர். தந்தையின் முறை வரும்போது குழந்தை பெரும்பாலும் தவழும் அல்லது நடக்கத் தொடங்கும் பருவத்தில் இருக்கும். காலையில் தானியக் கஞ்சி அல்லது "வெல்லிங்" எனப்படும் பால் கலந்த தானிய பானம் ஊட்டுவது, அணையாடை மாற்றுவது, உடை உடுத்துவது ஆகிய அனைத்தும் தந்தையின் வேலைகளே. குளிர்காலத்தில் அடுக்கடுக்காக உடுத்திவிட்டு வெளியே புறப்படவே நெடுநேரம் ஆகும்.

பகல் உறக்கத்துக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் நன்கு போர்த்தி, குளிர்காலத்திலும் திறந்த வெளியில் படுக்கவைப்பது நோர்டிக் நாடுகளின் வழக்கம். மற்ற நேரங்களில் பூங்கா, நூலகம், "திறந்த பாலர் பள்ளி" ஆகியவற்றுக்குச் செல்வர். திறந்த பாலர் பள்ளியில் குழந்தையை விட்டுச்செல்ல இயலாது. பெற்றோரும் உடனிருந்து பாடவும் விளையாடவும் வேண்டும். அங்கு தந்தையர் ஒருவரையொருவர் சந்தித்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். தள்ளுவண்டியுடன் காப்பிக் கடைகளில் அமர்ந்திருக்கும் தந்தையருக்கு "லாத்தே பப்பா" என்ற பட்டப்பெயரும் உண்டு.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபின் பாலர் பள்ளியில் இடம்பெற உரிமை உண்டு. பள்ளிக்குப் பழகும் தொடக்க நாட்களில் பெற்றோரில் ஒருவர் உடனிருக்க வேண்டும். விடுப்பின் இறுதியில் இப்பொறுப்பைத் தந்தையே ஏற்பது பல குடும்பங்களின் நடைமுறை.

தாக்கமும் விமர்சனமும்

2020களின் தொடக்கத்தில் மொத்த விடுப்பு நாட்களில் தந்தையரின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தது. இது பெரும் வளர்ச்சியே எனினும் சமபங்கு அன்று. ஆறு மாதமாவது விடுப்பெடுத்த தந்தையரை மட்டும் ஒளிப்படக் கலைஞர் யோகன் பேவ்மன் படமெடுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அத்தகையோர் சுவீடனிலும் சிறுபான்மையினரே என்பதை அவர் சுட்டிக்காட்டினார்.

1995 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை ஆராய்ந்து 2013 இல் வெளியான பொருளியல் ஆய்வு, அதனால் தந்தையரின் விடுப்பு நாட்கள் கூடியதை உறுதிசெய்தது. ஆனால் பிற்காலத்தில் நோயுற்ற குழந்தைக்காக விடுப்பெடுப்பதில் அவர்களின் பங்கு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. விடுப்பைச் சட்டத்தால் ஒதுக்கலாம். வீட்டுப் பொறுப்பு அதனால் மட்டும் சமமாகிவிடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. குடும்பம் தானே முடிவுசெய்ய வேண்டியதில் அரசு தலையிடுகிறது என்பது இவ்வொதுக்கீட்டை எதிர்ப்போரின் வாதம்.

இவற்றையும் பார்க்க

* மகப்பேறு விடுப்பு
* பாலினச் சமத்துவம்
* பாலர் பள்ளி