ஒரு பானை பீன்ஸும் கரும்புப் பாகும்

போன காணும் பொங்கலுக்கு எங்க அக்கா மகன் குடும்பத்தோட வந்திருந்தான். அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் வேலை. பெட்டிக்குள்ள துணி சுத்தி ஒரு பழுப்பு நிறப் பானையும், ஒரு கிலோ சின்ன வெள்ளை பீன்ஸும் கொண்டு வந்தான். "மாமா, அந்த ஊர்ல சொந்தபந்தம் கூடினா இதுதான். இந்தத் தடவை நான் சமைக்கிறேன்"னான். சரி, நம்ம மொச்சைக் குழம்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு விட்டுட்டேன்.

முந்தின நாளே ஊறப் போட்டு, சாயங்காலம் அரை வேக்காடு வேக வெச்சான். கரண்டியில நாலு கொட்டை எடுத்து வாயால ஊதினான். தோல் வெடிச்சுச் சுருண்டுது. அதுதான் பக்குவமாம். அப்புறம் வாய் குறுகி வயிறு பெருத்த அந்தப் பானையில பீன்ஸ், வெங்காயம், கடுகுத் தூள், கறுப்பா தார் மாதிரி கரும்புப் பாகு. அங்க உப்புப் போட்ட பன்னிக் கொழுப்பு போடுவாங்களாம். நாங்க ஆட்டுக் கொழுப்பு போட்டோம். அவங்க வீட்டு அடுப்பு இங்க ஏது? வரட்டித் தணல்ல பானையை வெச்சு, சுத்தி உமியைக் கொட்டி மூடிட்டுப் படுத்துட்டோம். நடுராத்திரி எழுந்து ஒரு தரம் சுடுதண்ணி ஊத்தினேன்.

காலையில தொறந்தா வீடே மணக்குது. பெரிய அத்தை ஒரு வாய் போட்டுட்டு, "என்னடா இது, பாயசத்துல மொச்சை வுழுந்துட்டாப்பல இருக்கு"ன்னாங்க. பசங்க மட்டும் பானையை வழிச்சுத் தின்னுட்டாங்க.

ராத்திரி முழுக்க வெந்தும் கொட்டை குழையலையே, அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மொச்சைக்குப் புளியை முன்னாடியே ஊத்திட்டா கல்லு மாதிரி நின்னுடும்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியும். கரும்புப் பாகுலயும் கொஞ்சம் புளிப்பு இருக்கு, சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. அதனாலதான் எட்டு மணி நேரம் தணல்ல கிடந்தாலும் கொட்டை உருக்குலையாம நிக்குது.

ஏன் ராத்திரி முழுக்க வேக வெக்கணும்னு கேட்டேன். அதுக்கு ஒரு கதை இருக்கு. 1630ல பாஸ்டனை உண்டாக்குன பியூரிட்டன்கள் மதக் கட்டுப்பாட்டுல ரொம்பக் கறார். சனிக்கிழமை பொழுது சாஞ்சதுமே அவங்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிடும். ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற வரைக்கும் சமையல் உள்பட எந்த வேலையும் கூடாது. அதனால சனிக்கிழமையே பானையைச் செங்கல் அடுப்புக்குள்ள தள்ளிடுவாங்க. அன்னைக்கு ராத்திரிக்கும் அதுதான், மறுநாள் காலைக்கும் அதுதான். வீட்டுல அடுப்பு இல்லாதவங்க பானையை ரொட்டிக்கடைக்காரர்கிட்ட குடுத்தா, அவர் தன் அடுப்புல வேக வெச்சுத் திருப்பிக் குடுப்பார். பாஸ்டனுக்கு 'பீன்டவுன்'னே பட்டப்பேர் வந்துடுச்சு.

ஆனா பீன்ஸ் அவங்க கொண்டு போனது இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அங்க இருந்த பூர்வகுடி மக்கள் சோளம்னு நாம சொல்றோமே, மக்காச்சோளம், அதோட கொடி பீன்ஸும் பூசணியும் சேர்த்துப் போடுவாங்க. கொடி தட்டையில ஏறும், வேர்ல தழைச்சத்து சேர்க்கும், பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். எங்க அப்பா மானாவாரியில சோளத்தோட மொச்சை போட்டது இதே கணக்குதான். மேய்ன் பக்கத்துப் பூர்வகுடிகள்கிட்ட குழி வெட்டி, தணல் போட்டு, பானையைப் புதைச்சு பீன்ஸ் வேக வெக்குற பழக்கம் இருக்கு. அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரங்க கத்துக்கிட்டாங்கன்னு ஒரு கட்சி, இங்கிலாந்துலயே பன்றிக்கறியோட பயறு வேக வெச்சவங்கதானேன்னு ஒரு கட்சி. பயிரே அடுத்தவன் குடுத்தது, அப்புறம் சமையல்ல மட்டும் என்ன தனிப் பெருமைன்னு எனக்குத் தோணுது.

என்னை உலுக்குனது அந்தப் பாகு. நான் கரும்புக்காரன். ஆலையில சக்கரை எடுத்தது போக மிஞ்சுற மொலாசஸ் எங்க ரோட்டுல டேங்கர்ல போகும், அந்தப் புளிச்ச வாடை எனக்கு அத்துப்படி. (கரும்புப் பணம் எப்ப வரும்னு ஆலை வாசல்ல நின்னப்ப மூக்குல ஏறுன வாடை.) பாஸ்டன்ல கரும்பு விளையாது. பின்ன பாகு எங்க இருந்து வந்துச்சு? கரீபியன் தீவுகள்ல இருந்து. அங்க கரும்பு வெட்டினது, ஆட்டினது, காய்ச்சினது எல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து விலங்கு போட்டுக் கொண்டு வந்த அடிமைகள். பாஸ்டன்காரங்க தங்களுக்கு ஆகாத மட்டமான உப்புக் கருவாட்டை அந்த அடிமைகளோட சாப்பாட்டுக்கு வித்தாங்க. பதிலுக்குப் பாகு வாங்கி, ரம் காய்ச்சினாங்க, மிச்சம் பீன்ஸ் பானைக்கு. 1733ல பிரிட்டிஷ் அரசு வேத்து நாட்டுத் தீவுப் பாகுக்குக் காலனுக்கு 6 பென்னி வரி போட, கள்ளக்கடத்தல் பெருத்துச்சு. 1764ல வரியைப் பாதியாக்கிக் கறாரா வசூலிக்கப் போய் பெரிய கலகமே மூண்டுது. ஓய்வு நாளைக் கைநகம் படாம காத்தவங்க, ஓய்வே இல்லாதவன் காய்ச்சின பாகைத்தான் அந்த நாள்ல தின்னாங்க.

அந்தப் பாகு ஒரு தடவை பாஸ்டனையே முழுங்கிச்சு. 1919 ஜனவரி 15, துறைமுகத்துக்கிட்ட 50 அடி உயர இரும்புத் தொட்டி வெடிச்சு, கிட்டத்தட்ட 87 லட்சம் லிட்டர் பாகு தெருவுல அலையாப் பாய்ஞ்சுது. 21 பேர் செத்தாங்க, 150 பேருக்குக் காயம். குதிரைங்க பாகுல சிக்கி மாண்டுதுங்க.

இதை எல்லாம் திண்ணையில உக்காந்து அக்கா மகன் சொல்லிக்கிட்டு இருக்கும்போது, பெரிய அத்தை மெதுவா, "நம்ம வூட்டுலயும் ஒருத்தர் கரும்பு வெட்டக் கப்பலேறினாரே"ன்னாங்க. எனக்கு அது வரைக்கும் தெரியாது.

பிரிட்டிஷ் தீவுகள்ல 1834ல அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமப் போச்சு. ஒப்பந்தக் கூலின்னு பேர் மாத்தி நம்ம ஜனங்களை ஏத்தினாங்க. மொரிசியஸ், கயானா, பாண்டிச்சேரி காரைக்கால் வழியா மார்த்தினிக், குவாடலூப். 1860ல இருந்து 1911 வரைக்கும் தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர். அதுல பெரும்பாலும் நம்ம சென்னை ராஜதானிக்காரங்க, அதுலயும் வட ஆற்காடு, தென் ஆற்காட்டு ஆளுங்க நிறைய. அத்தையோட தாத்தாவுக்கு அண்ணன் அப்படிப் போனவர். பஞ்சமா கடனான்னு அத்தைக்குத் தெரியலை. அஞ்சு வருசம்னு சொல்லிட்டுப் போனவர் வரவே இல்லை.

"எங்க ஆயா பொங்கப் படையல்ல ஒரு இலை கூடப் போடும்டா. மொச்சைக் குழம்பும் கருவாடும் வெச்சு, கப்பலேறினவருக்குன்னு சொல்லும். ஆயா போனதுக்கப்புறம் அந்த இலையை யாரும் போடலை"ன்னாங்க அத்தை.

அவர் பேர் என்னன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. ஞாபகம் வரலை. அக்கா மகன் நேட்டால் கப்பல் பட்டியல்ல தேடிப் பார்க்குறேன்னான். பேர் தெரியாம எப்படிடா தேடுவேன்னேன். ஊர் பேர் போட்டிருப்பாங்க மாமான்னான்.

இந்தத் தைக்கு மொச்சை பூத்திருக்கு. அந்த இலையைப் போடச் சொல்லி வீட்டுல சொல்லியிருக்கேன்.