பூவரசம் பூவும் கம்பளி நூலும்

போரில் உறுப்பிழந்து இல்லங்களில் வாழும் இராணுவ வீரருக்குக் கம்பளிப் போர்வையும் காலுறையும் பின்னிக் கொடுக்கலாம் என்றொரு யோசனை, கொட்டாஞ்சேனையில் நாம் கற்பிக்கும் பாடசாலையில் அண்மையில் எழுந்தது. பிள்ளைகள் உற்சாகமாகவே முன்வந்தனர். பின்னலூசியும் குரோஷே ஊசியும் நூலுண்டைகளும் வகுப்புக்கு வந்தன. அப்போது வன்னியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவியொருத்தி எழுந்து, "எங்கட மாமாவுக்கும் ஒரு கால் இல்லை, சேர். அவருக்கு ஆர் பின்னிக் குடுக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பு அடங்கிப் போயிற்று. நமக்கும் உடனே விடை தோன்றவில்லை.

ஆயினும் இவ்வினா புதியதன்று. 'யாருடைய வீரனுக்கு, யாருடைய கையால், யாருடைய செலவில்?' என்ற கேள்வி இதே கொழும்பு வீதிகளில் இற்றைக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே உரத்து எழுந்தது. அந்த வரலாற்றை நினைவுகூர்வது பயனுடைத்து.

முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில், போர்முனையிலுள்ளோருக்கென 300,000 சோடிக் காலுறைகள் பின்னித் தருமாறு இங்கிலாந்தின் அரசி மேரி பெண்களை வேண்டினார். ஏழைப் பெண்ணும் சீமாட்டியும் ஒருங்கே ஊசி பிடித்தனர். அவ்வன்பில் பொய்யில்லை. ஆனால் போர் முடிந்து திரும்பிய வீரன் கண்டது வேலையின்மையும் வறுமையுமே. அவன் பொருட்டு 1921 முதல் நவம்பர் 11ஆந் திகதி செந்நிறப் பொப்பிப் பூக்கள் விற்கப்பட்டன. மறு ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்ட தொழிற்சாலையில் அப்பூக்களைச் செய்தோர் கையையோ காலையோ போரில் இழந்த வீரர்களே. பல இலட்சம் பேரைப் போருக்கனுப்பிய பேரரசு, அவர்களைத் தாங்கும் பொறுப்பிற் பெரும்பங்கை உண்டியல் குலுக்குவோரிடம் விட்டுவிட்டது.

அவ்வுண்டியல் குடியேற்ற நாடுகளுக்கும் வந்தது. இலங்கையிலும் பொப்பி தினம் ஆண்டுதோறும் கொண்டாடப்பெற்றது. பாடசாலைப் பிள்ளைகளும் காசு கொடுத்துப் பூ அணிந்தனர். திரண்ட பணத்தின் பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அதே போரிற் பணியாற்றி வறுமையுற்ற இலங்கையருக்கோ சிறுபகுதியே எஞ்சியது. இதனை எதிர்த்து, 1931ஆம் ஆண்டளவில், ஏலியன் பெரேரா என்பார் பொப்பிக்குப் போட்டியாக அதே நாளில் சூரியமல் பூவை விற்பிக்கத் தொடங்கினார். சூரியமல் என்பது வேறொன்றன்று. நம் வேலியோரத்துப் பூவரசம் பூவே. காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையிற் செம்மை படர்ந்து வாடும் அந்த எளிய பூ, பேரரசின் பூவுக்கு எதிரே நிறுத்தப்பட்டது.

தொடக்கத்தில் இது பங்கு பற்றிய முறையீடே. அதனை அரசியல் இயக்கமாக மாற்றியவர்கள் தென் கொழும்பு இளைஞர் கழகத்தினர். 1933இல் அவர்கள் சூரியமல் விற்பனையைக் கையேற்றனர். இங்கிலாந்திற் பிறந்து இந்நாட்டிற் கல்விப் பணி புரிந்த டொரீன் யங், 'பூக்களின் போர்' என்ற கட்டுரையை ஆங்கில நாளேடொன்றில் எழுதினார். இலங்கைப் பிள்ளைகளின் காசு பிரித்தானிய நிதிக்குப் போவது முறையா என்பதே அக்கட்டுரை எழுப்பிய வினா. பின்னர் அவரே இயக்கத்தின் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார். சிங்களவரும் தமிழருமான இளைஞரும் யுவதியரும் வீதிகளில் பூவிற்றனர். ஆங்கிலப் பெண்மணி ஒருவர் ஆங்கிலப் பேரரசை எதிர்த்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியமை, அப்போர் இனத்துக்கு எதிரானதன்று, ஏகாதிபத்தியத்துக்கு எதிரானதே என்பதற்குச் சான்று.

அதே ஆண்டில் அதே இளைஞர்கள் இன்னொரு களத்திலும் நின்றனர். வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையின் வேலைநிறுத்தமே அது. அங்கு உழைத்தோரிற் பெரும்பாலோர் மலையாளிகள், ஏனையோர் சிங்களவர். தொழிலாளரின் பழைய தலைவரான ஏ. ஈ. குணசிங்க அவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்களோ தொழிலாளர் பக்கம் நின்றனர். வீரனுக்குப் போர்வை தேவை என்று உணர்ந்தவர்கள், அப்போர்வைக்கு நூல் நூற்பவனையும் மறந்தாரில்லை. ஆலை நின்ற நிலத்தில் இன்று வானளாவும் மாடிவீடுகள் நிற்கின்றன. அவ்வழியே பேருந்திற் செல்லும் நம் மாணவர் பலர் இவ்வரலாற்றை அறியார்.

1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டபோது, சூரியமல் தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்றனர். கனடாவிற் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்து கொழும்பில் மருத்துவப் பணியாற்றிய டாக்டர் மேரி ரட்ணம் அவர்களுக்குத் துணைநின்றார். மார்மைற்றை நாட்டு வைத்தியரின் குளிகை வடிவில் உருட்டி நோயாளருக்கு அவர்கள் வழங்கினர். முன்னாள் வீரருக்காகத் தொடங்கிய பூ, நாதியற்ற எல்லோருக்குமான பூவாயிற்று. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது, அதன் முன்னணியில் நின்றோர் பலர் இந்த அனுபவத்திற் பயின்றவர்களே. அக்கட்சி பிற்காலத்தில் நடந்த வழி வேறு கதை. அது தொடக்கத்தின் பெருமையைக் குறைக்காது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பின்னிக் கொடுக்கும் கை பழிக்கத்தக்கதன்று. முதுமையிலும் ஊனத்திலும் தனித்திருக்கும் மனிதனுக்கு, ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டுச் செய்த பொருள் ஆறுதல் தரும். ஆனால் அந்தப் போர்வை அரசின் கடனை மூடி மறைக்கும் திரையாகி விடலாகாது. 2009இல் முடிந்த போரின் பின்னர் உறுப்பிழந்த படைவீரருக்கென அநுராதபுரம் முதலிய இடங்களில் இல்லங்கள் எழுந்தன. எனினும் பின்னர் ஊனமுற்ற படைவீரர் ஓய்வூதிய உரிமை கோரிக் கொழும்பு வீதிக்கு வர நேர்ந்தது. 2017இல் கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வீதியோரத்தில் தம் போராட்டத்தைத் தொடங்கினர். ஒருவர் மற்றவரை அறியார். இருவரிற் பெரும்பாலோர் ஏழை வீட்டினர் என்பதை இருவரிடமும் எடுத்துச் சொல்வாரும் அரியர்.

இரண்டு துயரும் ஒன்றே என்று நாம் சமன்படுத்தவில்லை. ஆயின் ஒன்றைப் போற்றுவதற்காக மற்றதை மறக்கச் சொல்லும் நாட்டுப்பற்று, பிள்ளைகளின் காசைக் கப்பலேற்றிய பழைய பொப்பி நிதியின் நீதியையே ஒத்தது. பூவரசம் பூவை ஏந்தியோர் கேட்டது நம் பங்கை மட்டுமன்று. விடுபட்டோர் யார் என்பதையும் கேட்டனர்.

இவ்வளவையும் வகுப்பிற் சொன்னோம். பின்னர் முடிவைப் பிள்ளைகளிடமே விட்டோம். பின்னல் நிற்கவில்லை, போர்வைகளின் எண்ணிக்கை இரட்டிக்கப்பட்டது. ஒரு பாதி படைவீரர் இல்லத்துக்கும், மறுபாதி வன்னியில் உறுப்பிழந்தோருக்கும் செல்லும். அம்மாணவி முதலில் எடுத்துக்கொண்டது எந்தப் பாதி என்று நாம் கேட்கவில்லை. இரண்டுக்கும் நூல் ஒன்றே. பின்னி முடிக்கட்டும், அதன்பின், போர்வையால் தீராத கடனை யார் தீர்ப்பது என்று அவர்களே உரத்துக் கேட்கட்டும்.