வண்டல் எழுதிய வரலாறு

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. மன்னர் பெயரும் கொடையும் அவற்றில் உண்டு; அன்று பெய்த மழையைப் பற்றி அவை அரிதாகவே பேசும். அதனைப் பேசும் ஏடு ஆற்றங்கரையில் இருக்கிறது.

பெருவெள்ளக் காலத்தில் ஆற்றின் நடுவே நீர் சீறிப் பாயும். துணையாறு கலக்கும் வாயிலிலும் பாறை மறைவிலும் அது தேங்கி நிற்கும். அங்கே நுண்மணலும் வண்டலும் அடுக்கடுக்காய்ப் படியும். படிவின் உயரம், வெள்ளம் அந்த அளவுக்கேனும் ஏறியது என்பதற்குச் சான்று. இடையே சிக்கிய கரித்துண்டும், மணல்துகள் இறுதியாக வெயில் கண்ட காலமும் அதன் வயதைத் தரும். வெள்ளங்கள் மிகுந்த நூற்றாண்டையும் ஓய்ந்த நூற்றாண்டையும் பிரித்தறிந்தால் பருவமழையின் ஏற்ற இறக்கம் புலப்படும்.

நருமதைக் கரையில் 1990-களில் இம்முறை கையாளப்பட்டது. ஆந்திரத்து வடபெண்ணை பற்றிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கீழடியின் கட்டடங்களை மூடிய வைகை வண்டல் ஏறத்தாழ 1,150 ஆண்டுப் பழமையது என 2025-இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியிலும் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற இடம் உண்டு. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நஞ்சை இடையாற்றின் அருகே காவிரியில் கலக்கிறது. காவிரிப் பெருக்கு குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருவது. திருமணிமுத்தாற்றின் பெருக்கோ உள்ளூர் மழையால் வருவது. இரண்டின் வண்டலையும் பிரித்தறிய இயலுமாயின், இருவேறு மழைகளின் வரலாறு ஓரிடத்திலேயே கிட்டும். 1924 ஜூலையில் வந்த காவிரிப் பெருவெள்ளத்தின் படிவு அகப்படுமானால், அது பழைய படிவுகளை ஒப்பிட ஓர் அளவுகோலாகும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியின் இயல்பான வண்டலோட்டம் தடைப்பட்டது. ஆகவே அதற்கு முந்திய அடுக்குகள் மீண்டும் எழுதப்படாத பக்கங்கள். மணலுக்காகக் கரையை வெட்டும்போது இப்பக்கங்களே கிழிபடுகின்றன.

கவிஞர் பெருமக்கள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 'வெள்ளம் இதுவரை வந்தது' என்று ஊரார் காட்டும் படித்துறையையும் கோயில் சுவரையும் ஆண்டுடன் குறித்து வைப்போம். மண்ணை ஆய்வோர் நாளை வரும்போது, மக்கள் நினைவும் அவர்களுக்குத் துணைச்சான்றாகும்.