ஃபோட்டோஷாப்புக்கு மாத வாடகை, ஜிம்ப் யாரோடது?

சாமளாபுரத்துலயோ மங்கலத்துலயோ பத்துப் பதினஞ்சு மாடல் பனியனை ஆன்லைன்ல போட்டு விக்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். படத்துல பின்னாடி வெள்ளையா இருக்கணும், மெரூன் மெரூனாவே தெரியணும். இல்லைன்னா பார்சல் ரிட்டர்ன்ல வந்து நிக்கும். அவர் எந்த சாஃப்ட்வேர்ல படத்தைச் சரி பண்றது? ஃபோட்டோஷாப்னா மாசாமாசம் பணம். இல்லைன்னா கிராக். மூணாவது வழி ஒண்ணு இருக்கு. இந்த எபிசோட் அதோட வரலாறு.

முதல்ல அந்த வாடகை எப்ப வந்ததுன்னு பார்த்துடலாம். தாமஸ் நோல், ஜான் நோல்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் எழுதின ஃபோட்டோஷாப்பை அடோபி 1990-ல வெளியிட்டது. இருபது வருஷத்துக்கு மேல அது ஒரேயடியா விலை கொடுத்து வாங்குற பொருளாத்தான் இருந்தது. நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல 2002-ல வந்த 7.0 ரொம்ப வருஷம் ஓடுச்சு. (பில் இருந்துச்சான்னு கேக்காதீங்க.) 2013 மே மாசம் அடோபி சொல்லிடுச்சு: இனி புது வெர்ஷன் சந்தாவுல மட்டும்தான்.

மாற்று அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. 1995-ல பெர்க்லியில படிச்சுட்டு இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ்னு ரெண்டு மாணவர்கள் ஜிம்ப்பை எழுத ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே அது பொதுவுக்கு வந்தது. ஆனா ஒரு சிக்கல். பட்டன், மெனு, ஜன்னல் எல்லாம் வரைய அவங்க பயன்படுத்தின மோட்டிஃப், காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டியது. அதாவது இலவச சாஃப்ட்வேரை கம்பைல் பண்ண, வாடகைக் கதவு வழியாத்தான் உள்ள போகணும்! மேட்டிஸ் சலிச்சுப்போய் சொந்தமா ஒரு டூல்கிட் எழுதினார். அதுதான் ஜிடிகே. 1997-ல ஆரம்பிச்ச க்னோம் டெஸ்க்டாப்பும் அது மேலதான் கட்டப்பட்டது. ஒரு போட்டோ எடிட்டருக்காக எழுதின கோடு, இன்னிக்கு உபுண்டு திறந்தா கண்ணு முன்னாடி நிக்குது. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அதே ரெண்டு பேர் பின்னாடி 2015-ல இன்னொருத்தரோட சேர்ந்து காக்ரோச் லேப்ஸ் தொடங்கினாங்க. அவங்க டேட்டாபேஸ் ஓப்பன் சோர்ஸா இருந்தது. 2019-ல லைசென்ஸை இறுக்கிட்டாங்க. ஜிம்ப்ல அப்படிச் செய்ய முடியாது. அது ஜிபிஎல், பல பேர் எழுதின கோடு. ஒருத்தர் நினைச்சுக் கதவைச் சாத்த முடியாது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, விலை பூஜ்யம்ங்கிறது மட்டும் பார்த்தா அஃபினிட்டியும் கணக்குல வந்துடும். ஒரு தடவை பணம் கட்டினா போதும்னு பேர் வாங்கின சாஃப்ட்வேர் அது. 2024-ல கேன்வா அந்தக் கம்பெனியை வாங்குச்சு, 2025 அக்டோபர்ல இலவசமாக்கிடுச்சு. நல்ல சாஃப்ட்வேர், தாராளமா பயன்படுத்தலாம். ஆனா அதோட அடுத்த விலையை முடிவு பண்றது கேன்வாதான். பிரவுசர்லயே ஓடுற ஃபோட்டோபியாவும் அப்படித்தான், அதுக்கு ஓனர் உண்டு.

ஜிம்ப்புக்கும் குறை இருக்கு. ஃபில்டர் போட்ட பிறகு திரும்பிப் போய் மாத்துற வசதி 2025 மார்ச்ல வந்த 3.0-லதான் ஒழுங்கா கிடைச்சது. வெள்ளை பேக்ரவுண்டு, கிராப், கலர் திருத்தம் எல்லாம் அதுல தாராளமா முடியும். பிரிண்டிங்குக்கு சிஎம்ஒய்கே ஃபைல் கேட்டா மட்டும் கஷ்டம், ஜிம்ப் உள்ளுக்குள்ள ஆர்ஜிபியில வேலை செய்யுது. அந்த வேலைக்கு கிரிட்டா இருக்கு. அதுவும் ஜிபிஎல்தான்.